மைக்கைப் பிடிக்கும் முன்: பால்புதுமையர் இருக்கும் சபையில் எப்படிப் பேசுவது, எப்படி ஜெபிப்பது

வாலிபர் ஐக்கியச் செயலாளர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் என்று சபையில் ஏதோ ஒரு பொறுப்பு உங்கள் தலையில் புதிதாக விழுந்திருக்கிறது. இனி அறிவிப்பு வாசிப்பீர்கள், மன்றாட்டு நடத்துவீர்கள், சில நாள் செய்தியும் (பிரசங்கம்) கொடுப்பீர்கள். எதிரே உட்கார்ந்து கேட்பவர்களில் தன் பாலினத்தவர் மேலேயே ஈர்ப்பு வரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் இருப்பார்கள், பிறப்பில் குறித்த பாலினத்தில் வாழாத திருநர் இருப்பார்கள் (இவர்களைச் சேர்த்துத்தான் பால்புதுமையர் என்கிறேன்), தன் பிள்ளையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாத ஒரு அம்மா இருப்பார். அவர்களை வெளியே தள்ளாமல் பேசுவது எப்படி என்பதற்கான குறிப்பு இது.

நான் தென் மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில் வளர்ந்தவள். பதினேழு வருடம் வாலிபர் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) என்றே கிடந்தவள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தன்பாலீர்ப்பு பாவம் என்று நான் நம்பவில்லை. உங்கள் குருவானவர் நம்பலாம், நீங்களும் நம்பலாம். அப்படி நம்புகிறவர்களும் கீழே உள்ளதில் முக்கால்வாசியைச் செய்ய முடியும். நான் பார்த்தவரை, கோட்பாட்டை ஆராய்ந்து பார்த்துவிட்டுச் சபையை விட்டுப் போனவர்கள் ரொம்பக் கொஞ்சம். போகிற போக்கில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு எழுந்து போனவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை: நாலு ஞாயிறு, ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் நாலு வாரம் ஆராதனையில் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். ஆட்களை ஆண், பெண் என்று பிரிக்கும் இடம் வரும்போதெல்லாம், எல்லாருக்கும் கல்யாணம்தான் அடுத்த படி என்று எடுத்துக்கொள்ளும் இடம் வரும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். வரவேற்பில் ‘சகோதரர்களே, சகோதரிகளே’. அறிவிப்பில் ஆண்கள் ஐக்கிய சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம். மன்றாட்டில் ‘வாலிபப் பிள்ளைகளுக்கு ஏற்ற துணையைக் கட்டளையிடும் ஆண்டவரே’. திருவிருந்துக்கு முதலில் ஆண்கள் வரிசை, பிறகு பெண்கள் வரிசை. நான் முதல் ஞாயிறு போட்ட கோடு பதினான்கு. அத்தனை வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை.

இந்தப் பதினான்கும் தப்பு என்று சொல்ல வரவில்லை. பலது மாற வேண்டியதே இல்லை. எங்கே எல்லாம் ஒருவருக்குத் தொண்டை அடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்தியின் நடுவில் வரும் நகைச்சுவையையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்தக் காலத்துல பையன் யாரு பொண்ணு யாருன்னே தெரியல’ என்று ஒரு வரி எப்படியும் வரும், சபையும் சிரிக்கும். அப்போது சிரிக்காதவர் யார் என்று கண்ணால் தேடாதீர்கள். யார் தன்பாலீர்ப்பு உள்ளவர், யார் இல்லை என்று கணக்கெடுப்பது உங்கள் வேலை இல்லை. எல்லா ஞாயிறும் ஒருவராவது இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு பேசினால் போதும்.

இரண்டாவது: சொல்லைச் சரிசெய்வது

‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல்லைத்தான் செய்தித்தாள்கள் வெகுகாலம் எழுதின. அதில் இருக்கும் ‘சேர்க்கை’ நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போகிறது. யாருடைய கையையும் பிடித்திராத பதினைந்து வயதுப் பிள்ளையையும் அந்தச் சொல் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். ‘தன்பாலீர்ப்பு’ மனசின் ஈர்ப்பைச் சொல்கிறது. அதையே பழகிக்கொள்ளுங்கள். ஆணாகக் கருதி வளர்க்கப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, பெண்ணாகக் கருதி வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி, பொதுவில் திருநர். உடலிலேயே ஆண், பெண் அடையாளங்கள் கலந்து பிறந்தவர்களை ஊடுபால் அல்லது இடைபாலினத்தவர் என்கிறார்கள். எல்ஜிபிடிக்யூ என்று எழுத்துகளாகச் சொல்வதற்குப் பதில் ‘பால்புதுமையர்’ என்று சொல்வதும் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டது. ‘மூன்றாம் பாலினம்’ பலருக்குப் பிடிப்பதில்லை. அப்படியானால் முதல் பாலினம் யார் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லையே. அலி, ஒம்போது, பொட்டை இதெல்லாம் வசவு. ‘பைபிளிலேயே இருக்கிறது’ என்று யாராவது சொன்னாலும் வசவுதான்.

இந்தச் சொற்களில் ஒரு பகுதி அரசிதழிலேயே இருக்கிறது. மதுரையில் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022ல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. நீதிபதியே பாடம் கேட்டுவிட்டு வந்து பேசியிருக்கிறார். ஞாயிறு பள்ளி டீச்சர் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவனா, அவளா என்று தடுமாற வேண்டியதில்லை. ‘அவர் வந்தார், அவர் பாடினார்’ போதும். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. கொயரில் மற்ற பெண்களை எல்லாம் ‘வாம்மா, போம்மா’ என்றுவிட்டு, ஒரு இளம் திருநங்கையை மட்டும் ‘அவர், இவர்’ என்றால், அந்த மரியாதையே வேலி ஆகிவிடும். மற்றவர்களைக் கூப்பிடுவது போலவே அவரையும் கூப்பிடுங்கள். தெரியாவிட்டால் தனியாகக் கேளுங்கள்: ‘உன்னை எப்படிக் கூப்பிடட்டும்மா?’

மூன்றாவது: வசனத்தைப் படித்துவிட்டுப் பேசுவது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். இந்த விஷயத்தில் வசனத்தை வீசுகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தின வசனத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

அதிகம் எடுக்கப்படுவது 1 கொரிந்தியர் 6:9. நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பைத் திறங்கள். ‘வேசிமார்க்கத்தாரும், விக்கிரகாராதனைக்காரரும், விபசாரக்காரரும், சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்’ என்று பட்டியல் போகிறது. கடைசிச் சொல்லை மட்டும் உரக்க வாசிப்பவர்கள் அதற்கு முன்னால் இருக்கும் சொல்லை முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை அழுத்தி வாசித்தால் வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் மிஞ்ச மாட்டார்.

அந்த முந்தின சொல்லுக்குக் கிரேக்கத்தில் மலகோய் என்று இருக்கிறது. மென்மையானவர்கள் என்று பொருள். மத்தேயு 11:8ல் இயேசு ‘மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ?’ என்று கேட்கும்போது வரும் ‘மெல்லிய’வும் அதே சொல்தான். ஒரு இடத்தில் மெல்லிய துணியைக் குறிக்கும் சொல்லை இன்னொரு இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சுயபுணர்ச்சி என்று எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவில் அப்போது அப்படிப் புரிந்துகொள்ளும் வழக்கம் இருந்தது. அடுத்த சொல் அர்செனோகொய்தாய். ஆண், படுக்கை என்ற இரண்டு சொற்களை ஒட்டிய சொல். பவுலுக்கு முன்னால் யாரும் அதை எழுதியதாகத் தெரியவில்லை. லூத்தர் ஜெர்மனில் அதைச் சிறுவரைக் கெடுப்பவர் என்று மொழிபெயர்த்தார். ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லே 1869ல்தான் அச்சில் வந்தது. அது ஆங்கில வேதாகமத்துக்குள் நுழைந்தது 1946ல், ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் வெர்ஷன் புதிய ஏற்பாடு இந்த இரண்டு கிரேக்கச் சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதியபோது. அதே மொழிபெயர்ப்பு 1971ல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது.

பத்தாம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே பொருளாசைக்காரரும் இருக்கிறார். அவரை யாரும் சபையை விட்டு நீக்கி நான் பார்த்ததில்லை. சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கத்தான் பார்த்திருக்கிறேன்.

தன்பாலுறவுக்காகத்தான் அழிந்தது என்று சோதோம் நகரத்தை யாராவது எடுத்தால் எசேக்கியேல் 16:49ஐக் காட்டுங்கள். சோதோமின் அக்கிரமம் இன்னது என்று வேதமே சொல்லும் இடம் அது: கெர்வம், ஆகாரத்திரட்சி, ‘நிர்விசாரமான சாங்கோபாங்கம்’ (கவலையில்லாத சொகுசு), அதோடு எளியவனுடைய கையைப் பலப்படுத்தாதது. சாங்கோபாங்கம் என்ற சொல்லுக்காகவே அந்த வசனத்தை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

அதே நேரம், நேர்மையாக இருங்கள். ஒருபாலுறவைக் கண்டிக்கும் லேவியராகமம் 18:22 இருக்கிறது, ரோமர் முதல் அதிகாரம் இருக்கிறது. அவை இல்லாதது போல் நடிக்காதீர்கள். அவற்றை எப்படி வாசிப்பது என்பதில் வேதம் படித்த நல்லவர்களே பிரிந்து நிற்கிறார்கள். கேட்டால் அதையே சொல்லுங்கள்: ‘இதில் சபைகளுக்குள் ஒத்த கருத்து இல்லை, நான் இப்படி வாசிக்கிறேன்.’ ஒரு பிள்ளையிடம் இதைச் சொல்வதே பெரிய காரியம். உலகத்தில் எல்லாக் கிறிஸ்தவர்களும் தன்னை வெறுக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

இனி என் மனசுக்கு நெருக்கமான இடம். வி.பி.எஸ்.ஸில் ‘எத்தியோப்பிய மந்திரி’ கதையை நாம் எல்லோரும் ரதம் வரைந்து கலர் அடித்துத்தான் படித்தோம். அப்போஸ்தலர் 8ல் அந்த மனிதரைக் கிரேக்கம் ஐந்து முறை ஒரே சொல்லால் அழைக்கிறது: யூனுகோஸ். மத்தேயு 19:12ல் அதே சொல்லை நம் தமிழ் வேதாகமம் ‘அண்ணகர்’ என்று எழுதுகிறது. விதை நீக்கப்பட்டவர், அரண்மனையில் பணி செய்தவர், குடும்பம் இல்லாதவர். அப்போஸ்தலரில் மட்டும் தமிழில் அவர் ‘மந்திரி’ ஆகிவிட்டார். அரண்மனை அதிகாரி என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு, ஆகவே இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கதையின் முள் போய்விட்டது.

அந்த முள்ளைத் திருப்பி வைத்து வாசித்துப் பாருங்கள். உபாகமம் 23:1 விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. இந்த மனிதர் பணிந்துகொள்வதற்காக எருசலேம் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார். மடியில் ஏசாயா சுருள். வாசித்துக்கொண்டிருப்பது 53ஆம் அதிகாரம். சுருளை இன்னும் கொஞ்சம் உருட்டினால் 56 வரும்: ‘அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக.’ குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட உத்தமமான இடத்தை அவர்களுக்கு என் ஆலயத்தில் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் அதிகாரம் அது. வழியில் தண்ணீரைப் பார்க்கிறார். ‘நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன’ என்று கேட்கிறார். எருசலேமிலிருந்து திரும்பும் ஒரு யூனுகோஸ் கேட்கும் கேள்வி அது. வழியில் ரதத்தில் ஏறி வசனத்தை விளக்கிவந்த சுவிசேஷகர் பிலிப்பு, அவரோடு இறங்கித் தண்ணீருக்குள் போகிறார்.

இதைச் செய்தியில் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். அண்ணகர் வேறு, இன்றைய திருநங்கை வேறு, தன்பாலீர்ப்பு உள்ளவர் வேறு. மூன்றையும் ஒன்றாக்கிப் பேசினால் எதிர்ப்பவர் கையில் நீங்களே கல்லை எடுத்துக் கொடுக்கிறீர்கள். பட்டமரம் என்று ஊர் சொன்ன ஒருவருக்குத் தடை எதுவும் சொல்லாமல் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த அளவோடு நிறுத்துங்கள். கேட்கிறவர் மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்வார்.

நாலாவது: ஜெபக்குறிப்பு

இது என் சொந்தத் தப்பு. ஒரு வருடம் கொயர் பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பையன் நின்றான். பத்தொன்பது வயது. ஹார்மோனியத்தை உறைக்குள் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ‘அக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்குப் பொண்ணுங்க மேல அப்படித் தோணல’ என்றான். நான் திட்டவில்லை. கையைப் பிடித்து ஜெபித்தேன். வீட்டுக்குப் போனதும் எனக்கு ரொம்ப நெருக்கமான இரண்டு பேரிடம், பேரைச் சொல்லாமல், ‘நம்ம கொயர்ல ஒரு தம்பிக்காக ஜெபிச்சுக்கோங்க, ஒரு கட்டுல இருக்கான்’ என்று சொன்னேன். எங்கள் கொயரில் ஆண்கள் மொத்தமே நாலு பேர். அதில் மூன்று பேர் கல்யாணம் ஆனவர்கள். பத்தே நாளில் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவன் பெயரோடு ஜெபக்குறிப்பு வாசிக்கப்பட்டது. அவன் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அந்த ஹார்மோனியத்தைக் கொஞ்ச நாள் யாரும் திறக்கவில்லை.

புறங்கூறுதலுக்குச் சபையில் கிடைக்கும் மரியாதையான பெயர் ஜெபக்குறிப்பு. அதனால் இதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்களிடம் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் ஜெபத்தில்கூடச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லாமலும் வேண்டாம், ‘ஒரு தம்பி’ என்றும் வேண்டாம். குருவானவரிடம் சொல்லட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். அம்மா அப்பாவிடம் நீங்கள் போய்ச் சொல்லவே கூடாது. ஜெபிக்க வேண்டுமானால் அவர்களையே கேளுங்கள்: ‘உனக்காக எதுக்குன்னு ஜெபிக்கட்டும்?’ பரீட்சைக்கு, அம்மாவின் சுகருக்கு என்று ஏதாவது சொல்வார்கள். அதற்கே ஜெபியுங்கள். நீங்களாக ‘மாறும்படி’ என்று ஒட்டுப்போடாதீர்கள்.

யாராவது முதன்முதலாகச் சொல்லும்போது நீண்ட பதில் தேவையில்லை. ‘சொன்னதுக்கு நன்றிப்பா. எங்கிட்டயே இருக்கும். சாப்பிட்டியா?’ இவ்வளவு போதும்.

ஐந்தாவது: ‘கட்டு’, ‘சாபம்’, ‘விடுதலை’

இந்த மூன்று சொற்களையும் இந்த விஷயத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளில்தான் இது நடக்கும் என்று மெயின்லைன்காரர்கள் (சி.எஸ்.ஐ. போன்ற பழைய சபைக்காரர்கள்) நினைப்பார்கள்; எங்கள் ஊர்க் கன்வென்ஷன் பந்தலில் நானே பார்த்திருக்கிறேன். பரம்பரைச் சாபம், ஆவியின் கட்டு என்று சொல்லித் தலையில் கைவைத்து உலுக்குவது, மூன்று நாள் உபவாசத்தில் போடுவது, தெரிந்த டாக்டரிடம் ‘சரிபண்ண’ அனுப்புவது. 2021 உத்தரவு ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே ‘நம்ம சபைக்காரர்தான், கிறிஸ்தவ டாக்டர்’ என்று யாராவது பரிந்துரைத்தால், அந்த டாக்டர் செய்வது அவர் தொழிலுக்கே விரோதம் என்று பெற்றோரிடம் நேராகச் சொல்லுங்கள்.

பெற்றோர் உடைந்துபோய்த்தான் உங்களிடம் வருவார்கள். ‘நாங்க என்ன பாவம் செஞ்சோம்’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். யோவான் 9 நம் கையிலேயே இருக்கிறது. இவன் செய்த பாவமும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை என்று இயேசு சொன்ன இடம். ஆனால் அது குருடனாய்ப் பிறந்தவனின் கதை. அதை இங்கே எடுத்தால் தன்பாலீர்ப்பையும் ஒரு ஊனம் போல ஆக்கிவிடுகிறோம். ரொம்ப நாள் நானும் அதைத்தான் எடுத்தேன், இப்போது விட்டுவிட்டேன். ‘நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா’ என்று சாதாரணத் தமிழில் சொல்வதே நல்லது.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் வசனத்தை எடுக்காதீர்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண் அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலும் பேசுவார்கள். உங்கள் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

ஆறாவது: எங்கே உட்காருவது

இதைச் சொல்லின் பகுதியாகத்தான் பார்க்கிறேன். நம் கோயில்களில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஒரு திருநங்கை முதன்முறை வாசல்படி ஏறும்போது அவருக்குக் கேட்கும் முதல் பிரசங்கம் அதுதான். இதற்கு முன்னாலும் பெஞ்சு வைத்து ஆட்களைப் பிரித்த சரித்திரம் நமக்கு உண்டு. வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கைகளாகக் கட்டி, நடுவே சுவர் வைத்திருந்தார்கள். ‘கால்சட்டைக் கோயில்’ என்று ஊரில் பேர். சுவரை இடித்தபோது வழக்கு, அடிதடி எல்லாம் ஆனது. இன்று யாரும் அந்தச் சுவரைத் திரும்பக் கட்டச் சொல்வதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது சின்னது. பின்பக்கம் நாலு பெஞ்சைக் குடும்பமாக உட்காரும் இடம் என்று ஆக்கச் சொல்லுங்கள். பல நகரச் சபைகளில் ஏற்கெனவே அப்படித்தான். கைக்குழந்தைக்காரர்களும் வயதானவர்களும் முதலில் நன்றி சொல்வார்கள். திருவிருந்துக்கு வரிசை வரிசையாக வரச் சொல்லலாம், ஆண் பெண் என்று சொல்ல வேண்டியதில்லை. திருநங்கை பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள்: நகர்ந்து இடம் விட்டு, பாமாலைப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுக்க. முகம் திருப்பும் பத்துப் பேரைவிட அந்த ஒருத்தர் பலமானவர். அசன விழாப் பந்தியிலும் அவர் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று பாருங்கள். சாப்பாட்டு வரிசையில்தான் உண்மையான விசுவாசப் பிரமாணம் தெரியும் என்று எங்கள் உபதேசியார் ஒருவர் சொல்வார்.

கடவுளைக் கூப்பிடும் சொல்

சுருக்கமாக. ‘பிதாவே’ என்பதை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் அடித்த அப்பாவை, வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்பது ஏசாயா 66:13. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, ஊர்க்காரர்கள் வாயில் வரும் ‘பெத்தவரே’ என்ற சொல்லை எடுத்து அதையே கடவுளின் பெயராக்கினார். அம்மாவும் அடக்கம், அப்பாவும் அடக்கம். மன்றாட்டில் ஒரு இடத்தில் பயன்படுத்திப் பாருங்கள். கிழவிகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கமிட்டிக்காரர்கள்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். கூட்டத்தை விளிக்கும்போது ‘பிரியமானவர்களே’, ‘இறைமக்களே’ இரண்டும் பழைய சபை வழக்குகள்தான். யாரையும் விடுவதில்லை.

கடைசியாக: ‘எல்லாரும் வரலாம்’ என்று போர்டு வைக்கும் முன்

பாசமாகக் கூப்பிட்டு உள்ளே கொண்டுவந்து, இரண்டு வருடம் கழித்து ‘திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு) கிடையாது’ என்று சொல்வதைவிடக் கொடுமை இல்லை. ஆகவே உங்கள் சபையில் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று முதலில் விசாரித்து வையுங்கள்.

சபைக்குச் சபை வேறுபாடு அதிகம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது, தன்பாலுறவை ஏற்பதில்லை. திருநர் மற்றவர்களைப் போலவே திருமுழுக்குப் பெறலாம், விசுவாசிகளுக்குள் பொது இடறலோ குழப்பமோ ஏற்படாதவரை, என்று வத்திக்கான் 2023 நவம்பரில் பதில் சொன்னது. ஒருபால் இணையருக்குத் திருமணச் சடங்கு போல இல்லாத எளிய ஆசீர் தரலாம் என்று அதே ஆண்டு டிசம்பர் 18ல் வத்திக்கான் அறிக்கை வந்தது. இங்கிலாந்து திருச்சபையில் ஆசீர் ஜெபங்கள் அந்த டிசம்பரில்தான் தொடங்கின. அமெரிக்காவின் ஐக்கிய மெத்தடிஸ்டு சபை 1972 முதல் வைத்திருந்த ‘கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது’ என்ற வாசகத்தை 2024ல் நீக்கியது. இங்கே, இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றத்தில் இந்த விஷயத்துக்கென்றே ஒரு மன்றம் வைத்துப் பயிலரங்குகள் நடத்துகிறார்கள். உங்கள் டயோசீசில் (திருமண்டலத்தில்) யாராவது போய்வந்திருப்பார்கள், விசாரியுங்கள். திருமணம் என்று வந்தால், ஒருபால் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17ல் சொல்லிவிட்டது. நம்மூரில் எந்தக் குருவானவரும் அதைச் சட்டப்படி பதிவு செய்ய முடியாது. கேட்கிறவரிடம் மழுப்பாமல் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் குருவானவரிடம் ஒரு மதியம் நேரம் கேட்டு வாங்கி, இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். திருவிருந்து எடுக்கலாமா? கொயரில் பாடலாமா? ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கலாமா? இரண்டு பெண்கள் சேர்ந்து வளர்க்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா? பெயர் மாற்றிக்கொண்டவரின் புதுப் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுத என்ன காகிதம் வேண்டும்?

நான் போனபோது எல்லாக் கேள்விக்கும் ‘பார்ப்போம்’, ‘கமிட்டியில வைக்கணும்’ என்றுதான் பதில் வந்தது. நான் கடைசியாகக் கேட்ட இன்னொரு கேள்வியை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு திருநங்கையை அடக்கம் செய்ய வேண்டி வந்தால் சிலுவையில் எந்தப் பெயரை எழுதுவீர்கள் என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். ‘அவங்க எந்தப் பேர்ல நம்மகிட்ட காணிக்கை கொடுத்தாங்களோ அந்தப் பேர்தான்’ என்றார். அதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார்.